இரும்பு ஆகாத கொட்டகை

என் முதல் உத்தியோகத்தில் என்னை வரவேற்ற மேலதிகாரி கை குலுக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு காந்த ஊசிப் பெட்டியை எடுத்து என் உடம்பு பூராவும் மேலும் கீழுமாகக் காட்டினார். இடுப்பருகே வந்ததும் ஊசி துள்ளியது: பெல்ட்டின் கொக்கி. சட்டைப்பையருகே துள்ளியது: சைக்கிள் சாவி. காலருகே துள்ளியது: செருப்பின் ஆணி. "நீ என்ன மனுஷனா, பழைய இரும்புக் கடையா?" என்றார். பக்கத்திலிருந்த குமாஸ்தாக்கள் உத்தியோக முறைப்படி சிரித்தார்கள்.

பூமியே ஒரு பெரிய காந்தம் என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்திருப்பீர்கள். அந்தக் காந்தத்தின் பலம் இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதை அளக்கும் கருவிகளை நிறுவுவதுதான் எங்கள் துறையின் வேலை. துறையின் ஏணியில் கடைசிப் படி நான். உலகம் பூராவும் ஒரே சமயத்தில் பூமியை அளப்பது என்று பெரிய தேசத்து விஞ்ஞானிகள் கூடி முடிவெடுத்திருந்த காலம் அது. மலைத்தொடர் அறுந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் ஓரத்திலும் ஓர் இடம் வேண்டும் என்றார்கள். நான் அந்தப் பக்கத்துக்காரன், சோற்றுக்கும் பேச்சுக்கும் தகராறு வராது என்று என்னைக் கோவிந்தாபுரத்துக்கு அனுப்பினார்கள். வீட்டில் சொன்னபோது அம்மா ஒன்றுதான் கேட்டாள். "பூமி எங்கடா போயிரப் போவுது, அதெப் போயி அளக்கறதுக்கு?"

மொழிவாரியாக மாநிலம் பிரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கோவிந்தாபுரம் எல்லை ஊர் ஆகிவிட்டது. நான் பெட்டியும் முக்காலியுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கியதும், எல்லைக்கல் நட வந்த ஆள் என்று நினைத்து டீக்கடையில் எனக்கு ராஜமரியாதை. கல்லைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நடச் சொல்லி ஒருவர், இந்தப் பக்கம் தள்ளச் சொல்லி இன்னொருவர். நான் வந்தது கல் நட இல்லை, காந்தம் அளக்க என்று விளக்கினேன். அடுத்த டீயில் சர்க்கரை குறைந்துவிட்டது.

ஊருக்கு வெளியே, மலையடிவாரத்துப் புறம்போக்கில் கொட்டகை போட வேண்டும். ஒரே நிபந்தனை, அதில் குண்டூசி அளவு இரும்புகூட இருக்கக்கூடாது. கருவிக்குள் மயிரிழை போன்ற நூலில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும். அது திரும்புவதைக் குழாய் வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். பக்கத்தில் ஓர் ஆணி இருந்தாலும் போச்சு, அது பூமியை விட்டுவிட்டு ஆணியோடு பேச ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் ஆசாரியிடம் சொன்னபோது, அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"ஆணி இல்லாமக் கொட்டாய் போடச் சொல்றீங்க. நாளைக்குத் தாலி இல்லாமக் கண்ணாலம் பண்ணச் சொல்லுவீங்களாட்ட இருக்குது" என்றார்.

ஆனாலும் போட்டார். பனஞ்சட்டம், மர முளை, தேங்காய் நார்க் கயிறு, மேலே பனையோலை. கதவுக்குக் கீல் வேண்டுமே. பாலக்காட்டுக் கடைத்தெருவில் பெயர்பெற்ற ஒரு ராவுத்தர் கடையில் பித்தளைக் கீல் வாங்கினேன். "அசல் பித்தளை தம்பி, தங்கம் தோத்துப் போகும்" என்று சத்தியம் செய்து கொடுத்தார். நான் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் கீல் பாய்ந்து வந்து ஒட்டிக்கொண்டது. ராவுத்தர் கொஞ்சமும் அசரவில்லை. "மேல பித்தளைதான். உள்ளார இருக்கற கம்பி மட்டும் ஒரு பலத்துக்கு" என்றார். பிறகு அவருக்கே ரோஷம் வந்து, தன் வீட்டு அலமாரியிலிருந்து உண்மையான பித்தளைக் கீலைக் கழற்றிக் கொண்டுவந்து, காந்தத்தைத் தானே வாங்கி வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும் பேரன் பாஸான மாதிரி சிரித்தார்.

காவலுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்தேன். முப்பது வயதிருக்கும். அதுவரை ஒரு பெரிய பண்ணையத்தில் வேலை பார்த்தவர். சர்க்கார் காவல் வேலை என்றதும் பண்ணையக்காரரிடம் போய், "இனி உங்க காட்டுல ஏர் புடிச்சுச் சாலடிக்கறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அப்படி உதறியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அவருடைய வேலை தற்காலிகம்தான். அளவுகள் ஒழுங்காக வந்தால் கொட்டகை நிலைக்கும். கொட்டகை நிலைத்தால் அவர் நிலைப்பார், நானும் நிலைப்பேன்.

மனுஷர் வேலையில் புலி. கொட்டகையைச் சுற்றித் தள்ளித் தள்ளிச் சுண்ணாம்பு பூசிய கற்களால் ஒரு வட்டம் போட்டிருந்தோம். வட்டத்துக்குள் இரும்பு வரக்கூடாது. ஆடு மேய்ப்பவர்களின் தொரட்டியை வாங்கி வைப்பார். புல்லறுக்கப் போகிற பெண்களின் கருக்கரிவாள்களைப் பிடுங்கிக் கல்லோரம் வரிசையாக அடுக்கிவிட்டு, "அக்கட்டால சுத்திப் போங்க, கருவிக்கு ஆவாது" என்று விரட்டுவார். இரும்புப் பூண் போட்ட கைத்தடியோடு நடந்துவந்த அந்தப் பழைய பண்ணையக்காரரையே வெய்யிலில் சுற்றிப் போகச் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே! ஆண்ட வம்சத்தில் பிறந்தவர் மாதிரி நின்றார்.

பகல் பூராவும் அவர் வட்டத்தை விட்டு நகரக்கூடாது என்பதால், மத்தியானச் சாப்பாட்டை அவர் மனைவி கொண்டுவருவார். ஏழு மாதக் கர்ப்பிணி. தலையில் சும்மாடு, அதன்மேல் பித்தளைப் போசியில் கம்பஞ்சோறும் மோரும். முதல் நாளே நான் போசியைக் காந்த ஊசியிடம் காட்டி அனுமதி கொடுத்திருந்தேன். வட்டத்துக்குள் நிழல் என்பது கொட்டகையின் ஓலைத் தாழ்வாரத்தில் மட்டும்தான். அங்கே சுவரோரம் உட்கார்ந்து, கணவர் சாப்பிட்டு முடித்தபின் தானும் சாப்பிட்டுவிட்டுப் போவார். உள்ளே நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பூமியை அளந்துகொண்டிருப்பேன்.

கருவியைப் பூட்டிச் சரிசெய்வதிலேயே முதல் வாரம் போயிற்று. இரண்டாம் வாரத்திலிருந்து எனக்கு ஓர் அதிசயம் நடக்க ஆரம்பித்தது. உச்சிப்பொழுதில் எண் ஒரே தாவாகத் தாவும். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். பிறகு ஒரே குதியாகக் கீழே குதித்துப் பழைய இடத்துக்கு வந்துவிடும். தென்னாட்டில் நடுப்பகலில் பூமியின் காந்தம் சூரியனால் பெருகும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும். என்னுடையது பூனை மதிலேறுவது போல ஏறியது. உடனே எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எங்கேயோ கோளாறு என்று. எனக்குத் தோன்றியதோ, புத்தகம் எழுதியவர் பாவம் கோவிந்தாபுரத்துக்கு வரவில்லை என்பது.

இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகாதவன், தனியாக ஒரு கொட்டகை. கற்பனைக்குக் கேட்க வேண்டுமா? கணவாய் வழியாகச் சூரியனின் சக்தி புகுந்து வருகிறது என்று ஒரு கொள்கை உண்டாக்கினேன். அடுத்து வந்த அமாவாசையன்று எண் தாவவே இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். சூரியன் மட்டுமா, சந்திரனுக்கும் இதில் கை இருக்கிறது! அன்று ராத்திரி எனக்கு நானே ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தி, நன்றியுரைகூடச் சொல்லிவிட்டேன். அமாவாசையன்று கர்ப்பிணிகள் வெளியே இறங்கமாட்டார்கள், காவல்காரர் அன்று காலையிலேயே கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று சந்திரனைப் பிடிக்கப் போனவனுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் எண் வழக்கம்போலத் தாவி நின்றிருந்தது. நான் குழாயில் கண் வைத்தபடி இருந்தேன். வெளியே கண்ணாடி வளையல் குலுங்கியது. யாரோ எழுந்திருக்கும் பெருமூச்சுக் கேட்டது. எண் பொத்தென்று கீழே விழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு மறுநாளும் காத்திருந்தேன். வளையல் உட்கார்ந்தது, எண் ஏறியது. வளையல் எழுந்தது, எண் இறங்கியது. என் கொள்கையில் சூரியன் போய், சந்திரன் போய், கடைசியில் தாழ்வாரம் மட்டும் மிச்சம் இருந்தது.

வெளியே வந்தேன். "ஏனுங்கக்கா, உங்ககிட்ட இரும்பு எதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்களே" என்று அந்த அக்கா சொல்வதற்குள் காவல்காரர் முந்திக்கொண்டார். "நம்ம ஊட்டு ஆளு, இரும்பு கொண்டாருமுங்களா? நாந்தான் ஊரு அருவாளெல்லாம் புடுங்கி வெச்சிருக்கறனே!"

ஊசிப் பெட்டியை எடுத்து வந்தேன். போசியிடம் சும்மா இருந்தது. சும்மாட்டிடம் சும்மா இருந்தது. அக்காவின் இடுப்புச் செருகலுக்கு நேராக வந்ததும் நாலு சுற்றுச் சுற்றியது. அக்கா வெட்கத்தோடு மடியிலிருந்து எடுத்துக் காட்டினார்: எண்ணெய் ஏறிக் கறுத்த ஒரு பாக்குவெட்டி. நல்ல கனம். அந்தக் காலத்துக் கெட்டி இரும்பு.

"இதானுங்களா?" என்றார் காவல்காரர், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "இது இரும்பில்லீங்களே. இது தொணைக்குங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஊரில் ஒரு அரிவாள் விடாமல் பிடுங்கி வைத்தவர், தன் வீட்டுப் பாக்குவெட்டியை இரும்பில் சேர்க்கவே இல்லை. அவரைச் சொல்லி என்ன? மாசமாக இருக்கிறவள் வாசல்படி தாண்டினால் காத்துக் கருப்பு அண்டாமல் கையில் இரும்பு வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். என் அக்காவே கொல்லைக்குப் போனால்கூடக் கொத்துச் சாவியோடுதான் போனாள். சாவிச் சத்தத்தை வைத்துத்தான் அவள் எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடிப்போம். அதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான், நாலு வருஷம் பொறியியல் படித்துவிட்டுச் சந்திரனைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"இரும்புக்குப் பதிலாப் பித்தளைப் பாக்குவெட்டி வாங்கித் தாரனுங்க" என்று பேரம் ஆரம்பித்தேன்.

"பித்தளைக்கு அதுக பயப்படாதுங்க."

"வேப்பந்தழை?"

"தழை வாடிப் போயிருமுங்க. வாடுனா அதுகளுக்குத் தெரிஞ்சு போயிரும்."

"சரிங்க, வட்டத்துக்கு வெளிய அந்தப் புளியமரத்தடியில உக்காந்துக்கோங்க."

மாசமாக இருக்கிறவளைப் புளியமரத்தடியில் உட்காரச் சொன்னவனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி அந்த அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மொதக் கொளந்தை தங்கலீங்க. ஒருநாள் மறந்தாப்புல வெறுங்கையோட கெணத்துக்குப் போயிட்டனுங்க. இந்தத் தடவ என்னால முடியாதுங்க."

என் சிரிப்பு நின்றுவிட்டது. கிணற்றுக்கும் அந்தக் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல எனக்குப் படிப்பு இருந்தது; அதை விட்டுவிட்டுக் கம்பும் ஓலையும் தேடப் போனேன். வட்டத்துக்கு வெளியே, புளியமரத்துக்கு எதிர்ப்பக்கமாக, நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்து நானும் காவல்காரருமாக ஒரு பந்தல் போட்டோம். மறுநாளிலிருந்து பாக்குவெட்டி பந்தலில், எண் அதன் இடத்தில். எல்லாம் சுபம் என்று நினைத்து, எண் ஏன் தாவியது, எப்படிச் சரியானது என்று மேலே விவரமாக எழுதி அனுப்பினேன். பொய் எழுதத் தோன்றவில்லை. சூரியன்மேல் பழியைப் போட்டிருந்தால் சூரியனை யாரும் வேலையை விட்டு நீக்கியிருக்க முடியாது.

மேலதிகாரியின் பதில் சுருக்கமாக வந்தது. வேலியே பயிரை மேய்ந்தால் வேலி எதற்கு? காவல்காரரை நீக்க வேண்டியதுதான். நானே வந்து அளந்து பார்த்து, நேரில் உத்தரவு போடுகிறேன்.

இதைக் காவல்காரரிடம் எப்படிச் சொல்வது என்று நாள் கடத்தினேன். சொன்னபோது அவர் துண்டை எடுத்து உதறினார், ஆனால் தோளில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "பண்ணையத்துக்குத் திரும்பிப் போவ முடியாதுங்க. அந்த ஐயனை வெய்யல்ல சுத்த உட்டுட்டனுங்களே" என்றார். பிள்ளை பிறக்கப் போகிற வீட்டில் அடுப்பெரிவது என் பேனாவால் நின்றுவிடும் போலிருந்தது.

மேலதிகாரி ஜீப்பில் வந்தார். ஜீப்பை வெகு தூரத்தில் நிறுத்தச் சொன்னார். சுண்ணாம்புக் கல்லோரம் நின்று, நாடகத்தில் ராஜா வேஷம் கலைப்பது போல ஒவ்வொன்றாகக் கழற்றினார்: கடிகாரம், சாவிக்கொத்து, பேனா, பூட்ஸ், பெல்ட். பெல்ட் போனதால் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே உபதேசம் செய்தார்.

"விஞ்ஞானம்னா ஒழுக்கம்யா. இந்த நாட்டுல பூமியை அளக்கறதுக்கு முன்னால மூடநம்பிக்கையை அளக்கணும். பாக்குவெட்டியாம், பேயாம்! நீயும் அதுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்திருக்கே."

காவல்காரரையும் மனைவியையும் பந்தலிலேயே நிற்கச் சொன்னார். பந்தலுக்கும் கருவிக்கும் இடையே இருந்த தூரத்தில் பாக்குவெட்டி என்ன, கடப்பாரையே வந்தாலும் கருவிக்குத் தெரியாது. முதலில் என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்து எண்ணைச் சொன்னேன். கடந்த நாட்களின் எண்தான், சமர்த்தாக இருந்தது. பிறகு அவர் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, முழுக்கைச் சட்டை போட்ட கையை நீட்டிக் கருவியின் திருகைத் திருப்பினார். சொன்ன எண் எங்கேயோ இருந்தது.

"மறுபடி நீ பாரு."

பார்த்தேன். பழைய எண்.

அவர் பார்த்தார். எங்கேயோ.

"கொட்டகையில ஆணி இருக்கு" என்றார். கூரையைத் தடவினோம். கீலைச் சோதித்தோம். ராவுத்தர் அலமாரியின் மானம் காப்பாற்றப்பட்டது. "கருவி வைக்க நீ நட்ட தூண் சரியில்லை" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே "ஆமாம் சார்" என்றேன். ஆனால் தூண் சரியில்லை என்றால் அது எனக்கும் அல்லவா சரியில்லாமல் இருக்க வேண்டும்? அது அவருக்கும் தெரியும். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. "அந்தப் பொம்பளை எங்கேயாவது ஒளிச்சு வெச்சிருக்கா" என்றார் கடைசியில். "இன்னிக்கே ரெண்டு பேரையும் அனுப்பிடு. நான் தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவை பாக்கறேன்."

தண்ணீர் பந்தலில்தான் இருந்தது. எடுக்கப் போனேன். மண்பானையிலிருந்து மொண்டு கொடுத்துக்கொண்டே அந்த அக்கா கேட்டார்.

"ஏனுங்க, எண்ணு அவருக்கு மட்டுந்தான் மாறுதுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அவருகிட்ட இருக்குமுங்க."

"எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டுத்தானுங்கக்கா வந்தாரு."

"இரும்பைக் கழட்டி வெச்சிருப்பாருங்க" என்றார் அந்த அக்கா. "அவுரு ஊட்டுலயும் ஆராச்சும் இருப்பாங்கல்லொ, அவுருக்கோசரம் பயப்படறதுக்கு."

கேலி துளியும் இல்லை அந்தக் குரலில். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். நான் சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது இதை யார் போய் அவரிடம் சொல்வது? பூனைக்கு மணி கட்டுவதாவது சில்லறை வேலை. இது மணியைக் கழற்றும் வேலை. என் உத்தியோகம் நிரந்தரமாவது அவர் ஒரு கையெழுத்தில் இருந்தது. காவல்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, நான் அவர் முகத்தைப் பார்க்காமல், என் சட்டையைக் கழற்றினேன். பனியனைக் கழற்றினேன். வேட்டி மட்டும் மிச்சம்.

"என்னய்யா பண்றே?"

"விதி அப்படித்தானே சார். சந்தேகம் வந்தா அளக்கறவன் கயிறு, தாயத்து, அரைஞாண் எல்லாத்தையும் பார்க்கணும்னு முதல் நாள் நீங்கதான் சொன்னீங்க. எங்க அம்மா ஏதாவது கட்டிவிட்டிருப்பாங்க சார். கட்டினது நமக்கே மறந்து போகும்."

அவர் அப்படிச் சொன்னதே இல்லை. கணவாய்க் காற்று ஓலையைச் சடசடவென்று அடித்தது. அவர் சொம்பைக் கீழே வைத்தார். இடது கை தானாகப் போய் வலது புஜத்தைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் போனார். கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே சட்டையைக் கழற்றுவது லேசான காரியமில்லை, நேரம் ஆயிற்று. வந்தபோது கையில் ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றில் குதிரை லாடத்தை அடித்துச் செய்த இரும்பு வளையம்.

"ஏழரைச் சனி" என்றார் தரையைப் பார்த்து. "போன மாசம் வீட்டுல கட்டிவிட்டா. பையனுக்கு உடம்பு சரியில்லாம இருந்தது, அதுலேர்ந்து... இதை நான் இரும்பா நினைக்கவே இல்லைய்யா. நிஜமா நினைக்கலே."

அவரை எவ்வளவோ கேலி செய்யலாம் என்று ஆசையாக இருந்தது. ஆனால் இதே வார்த்தையை இதே இடத்தில் வேறொருவர் வாயால் கேட்டிருந்தேன். அவர் மேல் எனக்கு அன்றுதான் முதன்முதலாகப் பிரியம் வந்தது.

இனி வளையத்தை எங்கே வைப்பது? வட்டத்துக்குள் ஆகாது. மண்ணில் வைக்கக்கூடாதாம், ஜோசியர் உத்தரவு. ஜீப் டிரைவரிடம் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அவர் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, கால்சட்டையைப் பிடித்தபடி, கல் வட்டத்தைத் தாண்டிப் பந்தலுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"அம்மா, இதைக் கொஞ்ச நேரம் வெச்சிருக்க முடியுமா? கீழே வைக்கக் கூடாது."

"தெரியுமுங்க" என்றார் அந்த அக்கா. இரண்டு கையாலும் வாங்கி, முந்தானை முனையில் முடிந்து, பாக்குவெட்டிக்குப் பக்கத்திலேயே இடுப்பில் செருகிக்கொண்டார். "நீங்க போயி வேலையப் பாருங்க சாமி. இங்க ஒண்ணும் வராது."

அவர் போய் அளந்தார். எண் சமர்த்தாக இருந்தது. நான் அளந்தேன். அதே எண். அவர் தலையாட்டினார். கருவியை மூடினார், பெல்ட்டைப் போட்டார், கடிகாரம், பேனா, சாவி, பூட்ஸ் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு மறுபடியும் மேலதிகாரி ஆனார். காவல்காரர் கல்லோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டிப் போனபோதும் மேலதிகாரி வாயைத் திறக்கவில்லை. ஜீப் கிளம்பிக் கொல்லங்கோட்டுப் பாதையில் புழுதியோடு மறைந்தது.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் காவல்காரர். சொல்லாமல் போனால் பழைய உத்தரவுதானே? அந்த அக்கா பந்தலுக்குக் கீழே எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ஐயோ, சாமி அதை உட்டுட்டுப் போயிட்டாருங்களே!"

சொல்லி முடிப்பதற்குள் புழுதி திரும்பி வந்துகொண்டிருந்தது. ஜீப் போன வேகத்தைவிட வந்த வேகம் அதிகம். இந்தத் தடவை தூரத்தில் நிறுத்தவில்லை, கல் வட்டத்துக்கு ஓரமாகவே வந்து நின்றது. என் காவல்காரர் பாய்ந்து போய், "ஆவாதுங்க, ஆவாதுங்க, அக்கட்டால நிறுத்துங்க!" என்று இரண்டு கையையும் விரித்து மறித்தார். தன் வேலையைப் பறிக்க வந்தவரின் ஜீப் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஜீப் பின்வாங்கியது.

மேலதிகாரி இறங்கி நடந்து வந்தார். "பேனாவை மறந்துட்டேன்" என்றார். பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்த அக்கா முடிச்சை அவிழ்த்து வளையத்தை நீட்டினார். அவர் வாங்கி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கயிற்றை ஒற்றைக் கையால் கட்டப் பார்த்தார். அது நழுவியது. பிறகு என்னிடம் புஜத்தை நீட்டினார். நான் கட்டினேன்.

"நல்லா இறுக்கிக் கட்டுப்பா. மூணு முடிச்சாப் போடு."

"ரெண்டு போடச் சொல்லுங்க சாமி" என்றார் அந்த அக்கா. "மூணு போட்டாக் கண்ணாலமுங்க."

அவர் சிரித்துவிட்டார். அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்தது அது ஒருமுறைதான். சட்டைக் கையை இறக்கிப் பித்தான் போட்டுக்கொண்டே, காவல்காரரைப் பார்க்காமல், ஜீப் நின்ற திசையைப் பார்த்துச் சொன்னார்.

"ஜீப்பையே மறிக்கிறான். இவனை விட்டா வேற ஆள் எங்கே கிடைக்கப் போறான்? பந்தல் ஓலை மெலிசா இருக்கு. இன்னொரு கீத்து போடச் சொல்லு. மாசமா இருக்கிற பொண்ணு வெயில்ல உக்காரக் கூடாது."